பாழைப் பெருக்கிப் பணம் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் ஒரு பெருநகரத்துக்கு மேயராகிவிட்டீர்கள், வாழ்த்துகள். முதல் நாளே நிதி அதிகாரி வந்து கஜானா காலி என்று சொல்லியிருப்பார். சொத்து வரியைக் கொஞ்சம் ஏற்றலாமே என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் பதில் சொல்லாமல் உங்களை இரக்கத்தோடு பார்த்திருப்பார். வரியை ஏற்றிய மேயரை ஊரார் சீக்கிரமே 'முன்னாள் மேயர்' என்று அழைக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அப்படியானால் உங்களுக்கு முன் இருந்தவர் எதை வைத்துப் பூங்கா கட்டினார்? பழைய நாடக அரங்குகளுக்கு எப்படி உயிர் கொடுத்தார்? மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய கம்பெனிகளை எப்படிக் கையைப் பிடித்து நிறுத்தினார்? எல்லாம் டிஃப் (Tax Increment Financing, வரி ஏற்ற நிதி) பணம். நகரத்தின் வழக்கமான பட்ஜெட்டில் அது தலைகாட்டாது. அதனால்தான் இந்தக் கையேடு தேவைப்படுகிறது.

சங்கதி எளிது. ஊரில் ஒரு பகுதி நைந்து கிடக்கிறது. அதைச் சுற்றி வரைபடத்தில் ஒரு கோடு போடுகிறீர்கள். கோட்டுக்குள் இருக்கும் சொத்துகளின் அன்றைய மதிப்பு உறைந்துவிடுகிறது. பள்ளி வாரியம், பூங்கா வாரியம், கவுண்டி, கழிவுநீர் வாரியம் என்று சொத்து வரியில் பங்கு கேட்கிற அத்தனை பேரும் அந்த உறைந்த மதிப்புக்கு உண்டான வரியைத்தான் தொடலாம். அதற்குமேல் மதிப்பு ஏற ஏற, ஏற்றத்தின் மேல் வரும் வரி முழுவதும் ஒரு தனி உண்டியலில் விழும். அதை அந்தப் பகுதியைத் தூக்கி நிறுத்தச் செலவழிக்க வேண்டும். இல்லினாய் மாநிலத்துச் சட்டப்படி 23 ஆண்டுகளுக்கு உண்டியல் சாவி உங்கள் இடுப்பில்.

1952இல் கலிபோர்னியாவில் பிறந்த யோசனை இது. இல்லினாய் 1977இல் சட்டம் போட்டது. சிகாகோவின் முதல் டிஃப் வட்டாரம் 1984இல், ஹரால்ட் வாஷிங்டன் மேயராக இருந்த காலத்தில், நகர மையத்தின் வடபுறத்தில் வந்தது. பின்னர் ரிச்சர்ட் எம். டேலி 22 ஆண்டுகள் மேயராக இருந்ததில் வட்டாரங்கள் 150ஐத் தாண்டின. நகரின் நிலப்பரப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஏதாவது ஒரு கோட்டுக்குள் வந்துவிட்டது. இந்தக் கலைக்குச் சிகாகோவைப் போன்ற பாடசாலை கிடையாது. பாடங்களைப் பெரும்பாலும் அங்கிருந்தே எடுத்துக்கொள்வோம்.

கலையில் இரண்டு தடைகள்தாம் உண்டு. இடம் உண்மையாகவே பாழ்பட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒருநாள் இதை மூடிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. முதலாவதை அகட்டலாம், இரண்டாவதை நீட்டலாம்.

பாழ் தேடுவது

பாழ் என்றதும் இடிந்த வீடும் எரிந்த ஆலையும் தேடி ஊரின் ஏழைப் பகுதிக்குக் காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே நிஜமான பாழ் இருக்கும். ஆனால் மதிப்பு ஏறாது. மதிப்பு ஏறாத இடத்தில் உண்டியல் வைத்து என்ன செய்ய? சிகாகோவின் தெற்கிலும் மேற்கிலும் இப்படி வைக்கப்பட்ட வட்டாரங்கள் பல வற்றிய கிணறுகளாகக் கிடக்க, நகர மையத்தில் இருந்தவை நிரம்பி வழிந்தன. ஆகவே ஏறப்போகிற இடமாகப் பார்த்து, அது பாழ் என்று நிரூபிப்பதே திறமை.

அதற்குச் சட்டமே கைகொடுக்கிறது. பாழுக்கு இல்லினாய் சட்டம் 13 அடையாளங்கள் கொடுத்திருக்கிறது. சிதிலம், காலாவதி, காலியாகக் கிடக்கும் இடங்கள், காற்றோட்டக் குறைவு, போதாத குழாய் வசதி, நிலத்தை நெருக்கிக் கட்டிய கட்டடங்கள், இப்படிப் போகிறது பட்டியல். 'சமூகத் திட்டமிடல் இன்மை' என்பதும் அதில் ஒன்று. அதாவது ஒரு பகுதியை நகராட்சி ஒழுங்காகத் திட்டமிடவில்லை என்று நகராட்சியே ஒப்புக்கொண்டால், அந்தக் குற்றத்துக்குப் பரிசாக அதே நகராட்சிக்கு 23 ஆண்டு வரி கிடைக்கும். இந்த வாசகத்தை எழுதியவர் யாரோ, அவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

13இல் ஐந்து இருந்தால் 'பாழ்'. ஐந்து தேறவில்லையா? கவலை வேண்டாம், 'பாதுகாக்கப்பட வேண்டிய பகுதி' என்று பக்கத்திலேயே இன்னொரு கதவு திறந்திருக்கிறது. பாதிக் கட்டடங்களுக்கு 35 வயது ஆகியிருந்து, மூன்று அடையாளம் இருந்தால் போதும். 35 வயது என்பது கட்டடத்துக்கு இளமை. உலகத்தின் பழைய நகரங்கள் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம். சிகாகோவின் லசால் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிகளும் பங்குத் தரகர்களும் நிறைந்த வீதி, தலைமாட்டில் 1930இல் எழுந்த வணிக வாரியக் கோபுரம். 2006இல் அதைச் சுற்றியும் ஒரு கோடு விழுந்தது. அந்த நிதியில் உதவி பெற ஒப்பந்தம் போட்டவர்களில் அந்தக் கோபுரத்துக்கு அப்போது சொந்தக்காரராக இருந்த முன்பேரச் சந்தைக் கம்பெனியும் உண்டு. ஊர் முணுமுணுத்தது, 2012இல் அந்தக் கம்பெனியும் இன்னும் இரண்டு பெரிய நிறுவனங்களும் சேர்ந்து 3.4 கோடி டாலரைத் திருப்பித் தந்தன. மேயர் அவர்களே, வாங்கியவர் மனச்சாட்சி உறுத்தித் திருப்பித் தருவது பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அந்தத் தர்மசங்கடத்துக்கு ஆளாகாதவர்களாகப் பார்த்துக் கொடுங்கள்.

இதெல்லாம் பாலபாடம். உயர்கல்விக்குக் கலிபோர்னியா போக வேண்டும். கொரொனாடோ என்பது சான் டியேகோ வளைகுடாவில் கடல் பார்த்த பணக்கார ஊர். அங்கே டிஃப் பணம் திரட்டும் மறுசீரமைப்பு வட்டாரம் ஊரில் தனியாருக்குச் சொந்தமான எல்லா மனைகளையும் சேர்த்து வளைத்திருந்தது. கடற்கரை மாளிகைகளும் உள்ளே. பாம் டெசர்ட் நகரம் நாலரை நட்சத்திர கோல்ஃப் மைதானம் ஒன்றின் புல்லையும் மணற்குழிகளையும் புதுப்பிக்க ஏறக்குறைய 1.7 கோடி டாலரை இந்த நிதியில் ஒதுக்கியது. 2011இல் மாநிலக் கணக்காளர் ஜான் சியாங் 18 மறுசீரமைப்பு முகமைகளின் கணக்கைப் புரட்டியபோது வெளிவந்தவை இவை. கோல்ஃப் மைதானத்தில் குழி இருப்பதும் சிதிலமே என்று வாதாட யாரோ ஒருவருக்குத் தைரியம் இருந்திருக்கிறது.

நிரூபிக்கும் வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. அதற்கென்று கன்சல்டன்ட் கம்பெனிகள் இருக்கின்றன. கேமராவோடு வந்து நடைபாதை விரிசல், துருப்பிடித்த கைப்பிடி, உதிர்ந்த காரை என்று படம் பிடித்துத் தடிமனான அறிக்கை தருவார்கள். அவர்களிடம் 'பாழ் இருக்கிறதா?' என்று கேட்பது மரியாதை இல்லை. 'எத்தனை பக்கம்?' என்று மட்டும் கேளுங்கள்.

கோடு போட நல்ல நேரம்

சொத்துச் சந்தை விழுந்து கிடக்கும்போது கோடு போடுங்கள். உறையும் மதிப்பு எவ்வளவு தாழ்வோ, உண்டியலுக்கு அவ்வளவு நல்லது. இன்னொன்று, புதிய மதிப்பீடு வெளிவருவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். 13 அடையாளங்களில் கடைசியானது, சுற்றுவட்டார மதிப்பு ஏறும்போது இந்த இடம் பின்தங்கியிருப்பது. புதுக் கணக்கு வந்து, பின்தங்கவே இல்லை என்று காட்டிவிட்டால் காரியம் கெட்டது.

லிங்கன் யார்ட்ஸ் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். சிகாகோவின் வடபகுதியில், வசதியானவர்கள் வாழும் பேட்டைகளுக்கு நடுவே, ஆற்றங்கரையில் பழைய எஃகு ஆலை இருந்த இடம். அதைச் சுற்றிய வட்டாரத்தில் அதிகபட்சம் 130 கோடி டாலர் தர நகரம் முன்வந்தது. பழைய மதிப்பீட்டை வைத்துத் தகுதி காட்டியிருக்கிறார்கள், 2018 மதிப்பீட்டை எடுத்தால் தகுதியே போய்விடும் என்று பத்திரிகைகள் எழுதின. மாநகராட்சி மன்றம் 10 ஏப்ரல் 2019 அன்று ஒப்புதல் கொடுத்தது. அதே நாளில் ஆற்றின் தென்புறத்தில் 'தி 78' என்ற இன்னொரு திட்டத்துக்கு 110 கோடி. அப்போது மேயர் ரஹம் இமானுவல் பதவியில் இருக்க ஆறு வாரம்கூடப் பாக்கி இல்லை. லோரி லைட்ஃபுட் தேர்தலில் வென்று எட்டு நாள் ஆகியிருந்தது. போகிறவர் கையெழுத்துப் போட வேண்டும், வருகிறவர் 'என் காலத்தில் நடந்ததில்லை' என்று சொல்ல வேண்டும். இதைவிடப் பொருத்தமான வாரம் பஞ்சாங்கத்தில் கிடைக்காது.

வழக்குப் போட்டார்கள். கட்டடம்? 2025இல் கடன் கொடுத்த வங்கி நிலத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. அந்த அத்தியாயத்தை இந்தக் கையேட்டில் விரிக்க இடமில்லை.

அகட்டுவது

இனி முக்கியமான பாடம். புது வட்டாரம் தொடங்குவதில் சத்தம் அதிகம். இருப்பதை அகட்டுவதில் சத்தம் குறைவு. 'திருத்தம்' என்று பெயர் போட்டால் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில்தான் வரும். 1984இன் வடபுற வட்டாரத்தை 1997இல் இப்படித்தான் அகட்டி 'சென்ட்ரல் லூப்' ஆக்கினார்கள். 2008இல் மூடும்வரை அது பொன் முட்டையிட்டது. நியாயமாகச் சொன்னால், அந்தப் பணத்தில் நல்ல காரியங்களும் நடந்தன. ஓரியன்டல், பேலஸ் போன்ற பழைய நாடக அரங்குகள் விளக்கேற்றின. 47.5 கோடி டாலர் விழுங்கிய மில்லேனியம் பூங்காவில் 9.5 கோடி இதிலிருந்து போனது. அந்தப் பூங்காவுக்குப் போய் வளைந்த எஃகு 'அவரை'ச் சிற்பத்தின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் சிகாகோவில் இல்லை. நானாக இருந்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் அகட்டலை எதிர்ப்பவர்களிடம் முதலில் இந்தப் படத்தைக் காட்டுங்கள்.

37ஆம் பிளாக்கை மட்டும் காட்டாதீர்கள். மாநகராட்சிக் கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், 1989 வாக்கில் இடித்துத் தள்ளிய அந்த மனை வெகுகாலம் வெறும் மனையாகவே கிடந்தது. குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் திடல், கோடையில் பிள்ளைகளுக்கு ஓவியக் கூடாரம். பாழை ஒழிப்பதற்கென்று வந்த ஏற்பாடு நகரின் நட்டநடுவே ஒரு பொட்டலை உண்டாக்கி வளர்த்தது. கடைசியில் கடைவளாகம் எழுந்தபோது அதன் அடியில் விமான நிலையங்களுக்கு விரைவு ரயில் விட ஒரு பெரிய நிலையம் தோண்டினார்கள். 20 கோடி டாலருக்கும் மேல் செலவான பிறகு, 2008இல் வேலை நின்றது. ரயில் வரவில்லை. நிலையம் அப்படியே இருக்கிறது.

அகட்ட முடியாத இடத்தில் 'கடத்தல்' என்றொரு வசதி உண்டு. தவறாக நினைக்க வேண்டாம், சட்டப்பூர்வமானது. ஒரு வட்டாரத்துப் பணத்தை அதை ஒட்டிய இன்னொரு வட்டாரத்துக்கு மாற்றலாம். நடுவில் ஒரு சாலை மட்டும் இருந்தால் பரவாயில்லை, ஒட்டியதாகவே கொள்ளப்படும். இதனால்தான் சிகாகோவின் வட்டார வரைபடத்தைப் பார்த்தால் நண்டுக்கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரியும். ஒரு தெரு நீளத்துக்கு மெல்லிய கீற்று ஒன்று ஓடி, எங்கோ இருக்கும் இன்னொரு வட்டாரத்தின் மூலையைத் தொட்டு நிற்கும்.

ஒட்டாத இடத்துக்கும் பணம் போயிருக்கிறது. 2013 மே மாதம் சிகாகோவில் 50 பள்ளிகளை மூட வாரியம் வாக்களித்தது. அதே மாதம், மாநாட்டு மண்டபத்தின் அருகே ஒரு பல்கலைக்கழகக் கூடைப்பந்து அரங்கத்துக்கு 5.5 கோடி டாலர் டிஃப் பணம் என்று அறிவிப்பு வந்தது. ஊர் கொதித்தது. சரி, அரங்கத்துக்கு வேண்டாம், பக்கத்தில் கட்டும் ஹோட்டலுக்கு என்று மாற்றினார்கள். ஊர் ஓய்ந்தது. 2017இல் நல்லாட்சிச் சங்கமும் ஒரு வணிக வார இதழும் கணக்கைத் தோண்டியபோது, அந்த 5.5 கோடி கைமாறிக் கைமாறி, வடக்கே மைல்கணக்கான தூரத்தில் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நேவி பியருக்குப் போனது தெரிந்தது. மாநிலத்தில் சுற்றுலாக்காரர்கள் அதிகம் கூடும் இடங்களில் ஒன்று அது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். ஆடியன்ஸ் களைத்த பிறகு கையைத் திறந்து காட்டலாம்.

கருத்துக் கேட்பது

சட்டப்படி எல்லோரிடமும் கருத்துக் கேட்டாக வேண்டும். பள்ளி, பூங்கா, கல்லூரி, கவுண்டி எல்லாவற்றின் பிரதிநிதிகளும் உட்காரும் கூட்டு மீளாய்வுக் குழு ஒன்று உண்டு. சிகாகோவில் 1995 முதல் 2024 வரை பள்ளி வாரியத்தை நியமித்தவர் மேயர். பூங்கா வாரியத்தை நியமிப்பவரும் மேயர். திட்டத்தை முதலில் அலசும் சமூக வளர்ச்சி ஆணையமும் மேயரின் ஆட்களே. ஆக, உங்கள் திட்டத்தைப் பற்றி நீங்கள் நியமித்தவர்களிடம் நீங்கள் கேட்கிறீர்கள், அவர்களும் யோசித்து நல்ல பதில் சொல்கிறார்கள். 2025 முதல் பள்ளி வாரியத்தில் தேர்தலில் வந்தவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நாற்காலிகளின் பக்கம் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசுங்கள்.

பொதுமக்கள் கூட்டத்தை வேலைநாள் மதியம் வையுங்கள். மைக் முன்னால் ஆளுக்கு மூன்று நிமிடம். டெவலப்பரின் வக்கீலுக்கு மட்டும் நேரக் கணக்கு இல்லை. அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: 'இந்த உதவி இல்லாவிட்டால் இந்த இடத்தில் புல் பூண்டும் முளைக்காது.' சட்டம் கேட்கும் உறுதிமொழி அது. நகரிலேயே விலை உயர்ந்த பேட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு சிரிக்காமல் சொல்லக்கூடியவராக வக்கீலைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு கணக்கு

எப்போதாவது ஒரு கணக்கு வாத்தியார் கூட்டத்துக்கு வந்துவிடுவார். இது யார் பணம் என்று கேட்பார். அவரைச் சமாளிக்க, உண்மையான கணக்கை நீங்களாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இல்லினாயில் பள்ளி வாரியம் வரி விகிதத்தைக் கேட்பதில்லை, தொகையைக் கேட்கிறது. கவுண்டி எழுத்தர் அந்தத் தொகையை ஊரின் வரிக்குரிய மதிப்பால் வகுத்து விகிதம் போடுகிறார். ஊரின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். பள்ளி கேட்பது 10. விகிதம் பத்துச் சதவீதம். சில ஆண்டுகளில் உங்கள் கோட்டுக்குள் மதிப்பு 20 ஏறிவிட்டது. கோடு இல்லாதிருந்தால் 10ஐ 120ஆல் வகுத்திருப்பார்கள். விகிதம் எட்டேகால் சதவீதத்துக்கு அருகே இறங்கியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் வரி கொஞ்சம் குறைந்திருக்கும். கோடு இருப்பதால் அந்த 20 கணக்கிலேயே வராது. 100ஆல்தான் வகுப்பார்கள். விகிதம் பத்திலேயே நிற்கும். மொத்தம் 12 வசூலாகும். பள்ளிக்குக் கேட்ட 10 போய்ச்சேரும். மிச்சம் 2 உண்டியலில்.

பார்த்தீர்களா? நீங்கள் யாருடைய வரியையும் ஏற்றவில்லை. இறங்க வேண்டிய வரியை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். கோட்டுக்கு வெளியே, நகரின் தெற்கு ஓரத்தில் ஓட்டு வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநரும் அந்த இரண்டில் தன் பங்கைக் கட்டுகிறார். அவருக்கு வரும் பில்லில் 'கோல்ஃப்' என்றோ 'ஹோட்டல்' என்றோ எழுதியிருக்காது. பள்ளி, பூங்கா, கழிவுநீர் என்றே இருக்கும். திட்ட வேண்டும் என்று தோன்றினால் பள்ளி வாரியத்தைத் திட்டுவார். இந்த அமைப்பில் நான் மனமாரப் பாராட்டுகிற பகுதி இதுதான். வரியை வாங்குகிறவர் ஒருவர், வசவை வாங்குகிறவர் வேறொருவர்.

புல் பூண்டும் முளைக்காது என்ற அந்த உறுதிமொழி எதற்கு என்பதும் இப்போது புரிந்திருக்கும். அந்த 20 ஏற்றம் எப்படியும் வந்திருக்கும் என்றால் இது வெறும் மறைமுக வரி. டிஃப் இல்லாவிட்டால் வந்தே இருக்காது என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. எது உண்மை என்று நிரூபிக்க நடக்காத ஒன்றைக் காட்ட வேண்டும். வாத்தியாரால் முடியாது. உங்களாலும் முடியாது, ஆனால் நீங்கள் நிரூபிக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தப் போவதில்லை.

நீட்டுவது

23 ஆண்டு முடிந்ததா? இன்னும் 12 சேர்த்து 35 ஆக்கலாம். அதற்கு மாநிலச் சட்டமன்றம் இசைய வேண்டும். இல்லினாய் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. படிக்க அது சட்டம் மாதிரி இருக்காது, கல்யாணத்தில் மொய் எழுதிய நோட்டு மாதிரி இருக்கும். இன்ன தேதியில் இன்ன ஊர் போட்ட தீர்மானம், இன்ன தேதியில் இன்ன கிராமம் போட்ட தீர்மானம் என்று ஊர் ஊராக நீள்கிறது. நீட்டிப்புக் கேட்கும் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வரி. அந்தப் பட்டியலில் கடைசி வரியாகச் சேர்வது பெரிய காரியமில்லை. முன்னால் இத்தனை பேர் வாங்கியிருக்கிறார்களே!

காரணம் கேட்டால் காட்டுவதற்கு, முதலாம் ஆண்டிலேயே நீண்டகாலக் கடன் பத்திரம் போட்டு வைத்திருங்கள். கடன் பாக்கியிருக்கும்போது உண்டியலை உடைக்கலாமா என்று கேட்டால் எந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கும் மனம் வராது. கடன் இல்லாவிட்டால், பாழ் இன்னும் தீரவில்லை என்று சொல்லலாம். கட்டடங்களுக்குத்தான் இதற்குள் 23 வயது கூடியிருக்குமே.

ஒரே ஒரு சங்கடம், உண்டியல் அதிகமாக நிறைந்துவிடுவது. சிகாகோவில் இப்போது ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் மேல் விழுகிறது. செலவழியாத பணத்தை 'உபரி' என்று அறிவித்தால், அது வரி வாங்கும் வாரியங்களுக்கே திரும்பிப் போகும். பாதிக்கு மேல் பள்ளிகளுக்கு. 2025 பட்ஜெட்டில் மேயர் பிராண்டன் ஜான்சன் நிர்வாகம் 57 கோடியை அப்படி விடுவித்தது. பள்ளியின் பெயரில் வசூலானது பல ஆண்டு சுற்றிவிட்டுப் பள்ளிக்கே வந்தது. வந்தபோது நன்றி மேயருக்கு. மூட்டை அவிழ்க்கும் நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் யாரிடமும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

எச்சரிக்கை

எல்லாவற்றுக்கும் பிறகு ஓர் அபாயம் இருக்கிறது, அது எதிரிகளிடமிருந்து வராது. கலிபோர்னியாவில் ஏறக்குறைய 400 மறுசீரமைப்பு முகமைகள் இருந்தன. மாநிலச் சொத்து வரியில் சுமார் 12 சதவீதம் அவற்றுக்குப் போனது. பட்ஜெட் பற்றாக்குறை வரும்போதெல்லாம் மாநில அரசு அந்தப் பணத்தில் கைவைத்தது. நகரங்கள் பொறுத்துப் பார்த்தன. 2010 நவம்பரில் 22ஆம் பிரேரணையை வாக்காளர் முன் வைத்து, மாநிலம் இந்தப் பணத்தைத் தொடவே கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வாங்கிவிட்டன.

இரண்டு மாதத்தில் ஜெர்ரி பிரௌன் ஆளுநராக வந்தார். ஓக்லண்ட் மேயராக இருந்த நாளில் இதே நிதியைக் கொண்டு நகர மையத்தை நிமிர்த்தியவர். பெட்டியில் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தவர். 2011 ஜூனில் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்று முகமைகளைக் கலைத்தது. மற்றது, பள்ளிகளுக்கென்று ஒரு தொகை கட்டினால் உயிரோடு இருக்கலாம் என்றது. நகரங்கள் வெகுண்டு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 29 டிசம்பர் 2011 அன்று தீர்ப்பு வந்தது. முகமைகளைப் படைத்த மாநிலத்துக்கு அவற்றைக் கலைக்க உரிமை உண்டு, முதல் சட்டம் செல்லும். பணம் கட்டினால் பிழைக்கலாம் என்ற இரண்டாம் சட்டம் செல்லாது. நகரங்கள் கேட்டு வாங்கிய 22ஆம் பிரேரணை அதைத் தடுக்கிறது. வழக்குப் போடாமல் இருந்திருந்தால் கப்பம் கட்டியாவது காலம் தள்ளியிருப்பார்கள். 1 பிப்ரவரி 2012 அன்று அத்தனை முகமைகளும் மூடின.

மனம் தளர வேண்டாம். 2014இலேயே அங்கு புதுப் பெயரில் புதுச் சட்டம் வந்துவிட்டது. இம்முறை பாழ் என்று அத்தாட்சி தேட வேண்டிய அலைச்சல்கூட இல்லை, காலமும் 45 ஆண்டு. பள்ளிகளின் பங்கைத் தொடக் கூடாது என்ற ஒரு நிபந்தனைதான் உறுத்துகிறது. கலிபோர்னியாவின் தலைநகர் சேக்ரமென்டோவில் உங்களுக்காகப் பேச ஓர் ஆள் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, நாளைக் காலை அவருக்கு ஒரு போன் போடுங்கள்.